லைவில் கறுத்துப்போன 40 நொடி: உங்களுக்கும் நடந்திருக்கும், சொல்லுங்கள்

டவுன் ஸ்ட்ரிங்கர்

திருநெல்வேலி டவுன், ஆனித் தேரோட்டம், வாகையடி முக்கு. கையில் இருந்தது கல்யாண வேலைக்கு வாங்கிய ஒரு இன்ச் சென்சார் (படம் பிடிக்கிற சில்லு) கேமரா. படம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் வெளியே போக எச்டிஎம்ஐ (வீட்டு டிவியில் செருகுகிற ஒயர்) மட்டும்தான். அதிலிருந்து படத்தை நெட்டில் அனுப்பும்படி மாற்றுகிற என்கோடர், என்கோடரிலிருந்து ஸ்டுடியோ. காலையிலிருந்து ஒரு குறையும் இல்லை. நெல்லையப்பர் தேர் நின்றுபோய் ரொம்ப நேரமாகிறது. பின்னால் தடி போடுகிறார்கள், முன்னால் வடத்தில் ஆயிரம் கை. சக்கரம் லேசாக முனகுகிறது. நான் சக்கரத்தின் மேல் மெதுவாக ஜூம் போகிறேன். காதில் ஸ்டுடியோ கத்துகிறது: "பிளாக்! பிளாக் வருது அண்ணாச்சி!"

குனிந்து பார்த்தால் ஒயர் பாதி கழன்று தொங்குகிறது. வடத்தைத் தொட்டுக் கும்பிட வந்த ஒரு ஆச்சி என் விலாப் பக்கமாகப் புகுந்து போயிருக்கிறார், முழங்கை பட்டுவிட்டது. செருகி, என்கோடர் மறுபடி சிக்னலைப் பிடித்து, படம் போக 40 நொடி. அதற்குள் தேர் அசைந்து பத்தடி போய்விட்டது. அந்த முதல் அசைவுக்காகத்தான் ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது.

பழையதை விற்றுவிட்டு வேறு எடுக்கப்போகிறேன். எஸ்டிஐ (டிவிக்காரர்கள் படம் அனுப்புகிற ஒயர் வகை) இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். அதன் பிஎன்சி முனையைச் செருகித் திருகிவிட்டால் யார் இடித்தாலும் கழலாது. நீங்கள் பட்டதையும் சொல்லுங்கள்.

திசையன்விளை லைவ்

எனக்கு ஒயர் கழலவில்லை, படம்தான் கழுத்தறுத்தது. ராத்திரி கபடி, இறுதி ஆட்டம், கடைசி ரெய்டு. பாடிப் போன பையன் போனஸ் கோட்டைத் தாண்டினான். பின்கால் தரையில் இருந்ததா, காற்றில் இருந்ததா என்று இரண்டு ஊரும் அடித்துக்கொள்ளாத குறை. நடுவர் நேரே என்னிடம் வந்தார். "வீடியோவைப் போடுய்யா."

போட்டேன். கால் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான். எல்இடி விளக்கு சிமிட்டக் கூடாதென்று ஷட்டரை (ஒரு படம் பதிகிற நேரத்தை) 1/50-இல் வைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 5 மீட்டர் போகிற கால் அந்த 1/50 நொடியில் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கபடிக் கோட்டின் அகலமே 5 சென்டிமீட்டருக்கு மேல் கிடையாது. எதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது? நடுவர் ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்தப் பார்வை இன்னும் போகவில்லை.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை சிமிட்டும். 1/100 வைத்தாலும் சிமிட்டல் தெரியாது, இழுப்பு பாதியாகக் குறையும். அன்றைக்கு அது உறைக்கவில்லை. ஒன்று, ஜெனரேட்டரில் ஓடுகிற மைதானம் என்றால் மின்சாரம் 50-இல் நிலையாக நிற்காது, படத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டரைப் பொடிப்பொடியாக நகர்த்துகிற வசதி உள்ள கேமராவில்தான் அதை அடக்க முடியும். சிலதில் இசிஎஸ், சிலதில் கிளியர் ஸ்கேன் என்று போட்டிருப்பார்கள்.

குறுக்குத்துறைக்காரன்

டவுன் அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள். எஸ்டிஐ இருந்தால் போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். உங்களுக்குக் கறுத்தது 40 நொடி. எனக்கு ஒரு நாள் முழுக்க.

2023 டிசம்பர் 18. சொல்லவே வேண்டாம், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் ஆறு, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசைச் சுற்றி ஆறு. என்னிடம் எஸ்டிஐ கேமரா, முதுகில் நாலு சிம்மையும் சேர்த்து லைவ் அனுப்புகிற பாண்டிங் பை, எல்லாம் முறைப்படி. நாலு சிம்மிலும் ஒரு கோடு கூட இல்லை. கரண்ட் போய் டவர் படுத்துவிட்டது. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணி முழுங்கி நிற்கிறது, முக்காலியில் வைத்து அசையாமல் இரண்டு நிமிடம் எடுத்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு ஷாட் இனி எடுக்கமாட்டேன். சிக்னல் கிடைத்த இடத்துக்கு நடந்து போய் அனுப்பப் பார்த்தால் நொடிக்கு 50 மெகாபிட் (எம்பிபிஎஸ்) கோப்பு, ஒரு நிமிடத்துக்கே 375 எம்பி. நகரவில்லை. கடைசியில் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் செல்போனில் ஆட்டி ஆட்டி எடுத்த 20 நொடிதான் சேனலில் ஓடியது. அதையும் என்னையே அனுப்பச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து மெனுவைத் தோண்டினால், அதே கேமராவில் புராக்ஸி என்று சின்னக் கோப்பும் கூடவே பதிகிற வசதி இருந்திருக்கிறது. அணைத்தே வைத்திருந்தேன். நீங்கள் வாங்குவதில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் முதல் நாளே போட்டுவையுங்கள்.

டவுன் ஸ்ட்ரிங்கர்

வெள்ளத்தையும் தேரையும் ஒன்றாக வைத்தால் எப்படி? டவரே இல்லாத நாளில் எந்தக் கேமராவும் ஒன்றுதான். நான் கேட்டது சிக்னல் இருக்கிற நாளைப் பற்றி. புராக்ஸி விஷயம் மட்டும் குறித்துக்கொண்டேன், நன்றி.

பழைய டேப்

நான் சோனி பிடி 170 டேப் கேமரா காலத்து ஆள். என் கதை சின்னது. ஒரு தலைவர் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு வந்தார், அரை மணி நேரம் பேசினார். மைக் ஒயரைக் கேமராவில் செருகியவன் சுவிட்சை லைனில் (மைக் செட்டிலிருந்து வருகிற பலமான சத்தத்துக்கானது) விட்டுவிட்டேன், மைக்குக்கு மாற்றவில்லை. வாய் அசைகிறது, சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அன்றைக்கு என்னை ஏசாத ஆள் இல்லை.

அது போகட்டும். தம்பி, நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எஸ்டிஐ வேண்டும், சரிதான், குறைந்த செலவு ஒயரிலேயே அறுபது எழுபது மீட்டர் இழுக்கலாம். எச்டிஎம்ஐ பத்துப் பதினைந்தைத் தாண்டினால் தகராறு. ஆனால் முதலில் ஜூமைப் பார். ஒரு இன்ச் சென்சாரில் பெரும்பாலும் 12 மடங்குதான் வரும். மைதானத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓர கோல் போஸ்ட்டை எடுக்க அது காணாது. சோனி இசட் 190-இல் 25 மடங்கு, பானசோனிக் எக்ஸ் 2000-இல் 24. சென்சார் சின்னது, இருட்டில் கொஞ்சம் பொரியும், பரவாயில்லை. சின்ன சென்சாரில் ஃபோகஸ் ஆழம் கூட, ஓடுகிறவன் அவ்வளவு சீக்கிரம் மங்கமாட்டான். பின்னால் பூவாக மங்கவேண்டும் என்பது கல்யாணத்துக்கு. செய்தியில் பின்னால் நிற்கிறவன் யார் என்பதும் தெரியவேண்டும்.

அப்புறம் உள்ளேயே என்டி ஃபில்டர், வெளிச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி. சித்திரை வெயிலில் 1/64 (64-இல் ஒரு பங்கு வெளிச்சம்தான் விடும்) இல்லாமல் நம் ஊரில் வெளியே நிற்க முடியாது. ஃபில்டர் இல்லையென்றால் லென்ஸின் துவாரத்தை, அதான் ஐரிஸை, இறுக்குவாய், இறுக்கினால் படம் சொதசொதவென்று ஆகிவிடும். எக்ஸ்எல்ஆர் (மைக் ஒயர் செருகுகிற முனை) இரண்டு கட்டாயம், ஒன்றில் பேட்டி மைக், இன்னொன்றில் மைக் செட்காரன் தருகிற லைன். சுவிட்சைப் பார், என் கதையை மறக்காதே. பழையது வாங்கினால் மெனுவில் ஓடிய மணி நேரத்தைப் பார், எஸ்டிஐ முனையை ஆட்டிப் பார், ஜூமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக ஓட்டு, நடுவில் திக்கினால் வேண்டாம் என்று வந்துவிடு. பேட்டரி புதிதாக மூன்று. அவன் சும்மா தருகிற பேட்டரியை நம்பி லைவுக்குப் போகாதே. போட்டோ எடுக்கிற மிரர்லெஸ் கேமரா வாங்கலாமே என்று யாராவது வருவான். வெயிலில் சூடாகி நின்றால் அவனா வந்து பிடிப்பான்?

கோவில்பட்டி ஹாக்கி

அந்த 'யாராவது' நான்தான். மிரர்லெஸில் இரண்டு வருடம் ஹாக்கி லைவ் ஓட்டினேன், ஒரு தடவைகூட சூடாகி நிற்கவில்லை. கார்டில் பதியாமல் வெளியே மட்டும் அனுப்பினேன், குடை கட்டினேன். நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். மதியம் மூன்று மணி, டர்ஃபில் தண்ணீர் அடித்து வைத்திருந்தார்கள், சூரியன் நேர் எதிரே. பின்னால் இருக்கிற எல்சிடியில் என் மூஞ்சிதான் தெரிந்தது. பெனால்டி கார்னர், பந்து எங்கே போனதென்று எனக்கே தெரியாது, சத்தத்தை வைத்துத் திருப்பினேன். கோல் வலைக்குள், நான் கார்னர் கொடிக்கம்பத்தில். கேமரா எதுவானாலும் கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் இருக்கட்டும். அதோடு, மிரர்லெஸ் லென்ஸைக் கையால் திருகி ஜூம் போனால் வெட்டி வெட்டித்தான் போகும். அதற்காகத்தான் நானும் விற்றேன், சூட்டுக்காக அல்ல.

பழைய டேப்

விற்றாய் அல்லவா, அதைத்தான் சொன்னேன்.

டவுன் ஸ்ட்ரிங்கர்

பழைய இசட் 190 ஒன்று பேசி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். மெனு மணி, ஜூம் திக்குகிறதா, புராக்ஸி, இசிஎஸ், எல்லாம் தாளில் எழுதிக்கொண்டேன்.

நேற்று பழைய கேமராவை விற்கக் கொடுக்கும் முன் கார்டைத் துடைக்க உட்கார்ந்தேன். அந்தத் தேர் நாள் பதிவு அப்படியே இருக்கிறது. வெளியே போகிற ஒயர் கழன்றாலும் கார்டு ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. படம் ஒரு குலுங்கு குலுங்குகிறது, "செத்த தள்ளுய்யா ராசா" என்று ஆச்சியின் குரல், உடனே ஒரு வெள்ளைத் தலை ஓரமாக வந்து வடத்தை நோக்கிக் கை நீட்டுகிறது. பின்னால் சக்கரம் நகர்கிறது. எல்லாரும் கத்துகிறார்கள், நானும் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டு கெட்ட வார்த்தையில் கத்துகிறேன். நல்லவேளை அது லைவில் போகவில்லை.

கார்டைத் துடைக்கவில்லை. கேமராவை வாங்குகிறவருக்கு வேறு கார்டு வாங்கிப் போட்டுக் கொடுக்கப்போகிறேன்.