அசோகப் பட்டையா, நெட்டிலிங்கமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கடலூர், புதுச்சேரி தோழிகளுக்கு வணக்கம். நான் மஞ்சக்குப்பம், வயது 41. ஆறு மாதமாக மாதவிடாய் எட்டு, ஒன்பது நாள் நீள்கிறது. ஹீமோகுளோபின் 9தான். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார், ஸ்கேன் அடுத்த வாரம்.

இதற்கிடையில் மாமியார் கஷாயம் வைக்க நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ அசோகப் பட்டை வாங்கி வந்துவிட்டார். தெருவோரம் நெட்டையாக நிற்குமே நெட்டிலிங்கம், அதன் பட்டையையும் அசோகு என்று விற்பதுண்டு. நிஜ அசோகு கொத்துக் கொத்தாக ஆரஞ்சு நிறத்தில் பூக்கும், அது வேறு மரம். காய்ந்த பட்டையில் பூவையா தேட முடியும்? கடைக்காரரைக் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்கிறார். அதிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

சரி, அசோகாரிஷ்டம் பாட்டில் வாங்கலாமா என்றால் அது வெல்லம் போட்டுப் புளிக்க வைப்பது, தானாக உண்டாகும் ஆல்கஹாலும் இருக்கும். எனக்கோ சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது.

பட்டையைப் பார்த்தே அடையாளம் சொல்லக்கூடியவர் யாராவது இருக்கிறீர்களா? கடலூரிலோ பாண்டியிலோ முறையாகப் படித்த பெண் சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் யாரிடமாவது நீங்களே போயிருந்தால் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையோடு கஷாயமும் குடித்தவர்கள் டாக்டரிடம் கேட்டீர்களா, என்ன சொன்னார்? ஸ்கேன் முடியும்வரை பொட்டலத்தைப் பிரிப்பதாக இல்லை. மாமியாரிடம் அதை எப்படிச் சொல்வது என்றும் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்!