உரோபோன்னு ஒரு இனம் முன்னாடியே இருந்துச்சா, இல்ல 1931-ல சங்கம் வச்சப்புறம் வந்ததா?

டெல்டா_திரும்பி:
நைஜீரியால டெல்டா ஸ்டேட்ல ஆறு வருசம் குப்பை கொட்டிட்டு வந்தவன் நான். வாரி டவுன ஒட்டி எஃபுருன்ல தங்கியிருந்தேன். ஆபீஸ்ல ரெண்டு பேர் இருந்தாங்க, ஒருத்தர் உகெல்லி பக்கம், இன்னொருத்தர் சப்பேலே. மத்தியானம் சோத்துல கை வச்சதும் சண்டை ஆரம்பிச்சிரும். உகெல்லிக்காரர் "நாம ரெண்டு பேரும் உரோபோதானய்யா"ம்பார், சப்பேலேக்காரர் ஸ்பூன கீழ வச்சிட்டு "நான் ஒக்பே, உரோபோ இல்ல"ம்பார். ஆனா ரெண்டு பேரும் பெரியவங்க யாரப் பாத்தாலும் ஒரே மாதிரி முட்டிய மடிச்சு "மிக்வோ"ன்னு வணக்கம் சொல்லுவாங்க, மண்டி போட்டிருக்கேன்னு அர்த்தம், அதுக்குப் பெரியவர் "வ்ரேண்டோ"ம்பார். ஆறு வருசமா எனக்குப் புரியாத விசயம் இது. இங்க ஆப்பிரிக்க வரலாறு படிக்கறவங்க இருக்கீங்களே, யார் சொல்றது சரி?

கடலோரக்காகம்:
சப்பேலேக்காரர்தான் சரி, சந்தேகமே வேணாம். 1890கள்ல பிரிட்டிஷ் வைஸ் கான்சல் கால்வே அந்தப் பக்கம் வந்து ஒப்பந்தம் போட்டப்ப "உரோபோ ராஜா"ன்னு ஒருத்தரும் கையெழுத்து போடல, அப்படி ஒரு ஆளே கிடையாது, ஊர் ஊரா குழு குழுவா தனித்தனியாதான் போட்டாங்க. மொத்தம் இருபது சொச்சம் குட்டி ராஜ்ஜியம், ஒரு எடத்துல ராஜாவுக்கு ஓவியேன்னு பேரு, ஒக்பேல ஒரோஜே, சில எடத்துல ராஜாவே இல்ல, மூத்தவங்க கூடி உக்காந்து பேசுனா அதான் சட்டம். வெள்ளக்காரனுக்கு இந்த வித்தியாசம்லாம் தலவலி, எல்லாத்தையும் சேத்து "சோபோ"ன்னு ஒரே மூட்டையா கட்டிட்டான். 1931-ல வாரில படிச்சவங்க கொஞ்ச பேரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அதான் பின்னாடி உரோபோ முன்னேற்றச் சங்கம் ஆச்சு, முக்கோரோ மொவோவேன்னு பெரிய வியாபாரி தலைமைல நல்லா வளந்துச்சு, 1938-ல சர்க்காரும் சோபோவத் தூக்கிட்டு உரோபோன்னு போட்டுச்சு. அவ்வளவுதான் இந்த இனத்தோட வயசு.

சொல்லாய்வி:
பேர் வச்ச தேதியப் புடிச்சுட்டு புள்ள பொறந்த தேதி இதான்னு சாதிக்கறீங்க காகம். "எங்கள சோபோன்னு கூப்பிடாத, உரோபோன்னு எழுது"ன்னு அவங்க சண்டை போட்டிருக்காங்கன்னா அந்தப் பேரு அவங்க வாய்ல ஏற்கனவே இருந்திருக்கணும்ல? சர்க்கார் காகிதம் பாவம் லேட்டு, அதுக்கு ஜனங்க என்ன பண்ணுவாங்க.

மொழியப் பாருங்க. உரோபோ, இசோகோ, ஒக்பே, எஃபுருன் ஜனங்களோட உவ்வியே, அப்புறம் எருவா, இந்த அஞ்சும் எடோ மொழிக் குடும்பத்துல தென்மேற்குக் கிளைன்னு ஒண்ணாத்தான் வரும். பக்கத்துலயே இருக்கற இட்செகிரி ஜனங்களோட மொழி யோருபா கூட்டம், இஜா ஜனங்க மொழி முழுக்க வேற குடும்பம். நடுவுல இந்தக் கிளை மட்டும் தனியாத் தெரியுதே, இதையும் 1931 சங்கத்துக்காரங்க மீட்டிங் போட்டுப் பேசி வச்சாங்களா?

ஊர்சுத்தி மணி:
நடுவுல வர்றேன் மன்னிக்கணும், இவங்க எல்லாருமே பெனின்ல இருந்து வந்தவங்கன்னு எங்கயோ படிச்சேன், பெனின் பக்கத்து நாடுதானே? அப்ப அவங்க நைஜீரியாக்காரங்களே இல்லயா?

சொல்லாய்வி:
மணி அண்ணே, நிறைய பேர் வழுக்கி விழற எடம் இது. பெனின்னு ஒரு குடியரசு மேற்க இருக்கு, அதுக்கு முந்தி டஹோமேன்னு பேரு, 1975-லதான் பெனின்னு மாத்திக்கிட்டாங்க. நீங்க படிச்சது பெனின் சிட்டி, நைஜீரியாவுக்குள்ளயே எடோ ஸ்டேட்டுல இருக்கு, 1897-ல பிரிட்டிஷ்காரன் கொள்ளையடிச்சிட்டுப் போன வெண்கலச் சிலை எல்லாம் அந்த ஊர் அரண்மனையோடது.

கடலோரக்காகம்:
ஆமா அந்த பெனின் கதையும் எல்லாருக்கும் பொருந்தாது. உரோபோன்னு இன்னிக்கு சொல்லிக்கற குழுக்கள்ல சிலது ஒகிசோ ராஜாக்களோட கொடுமை தாங்காம பெனின்ல இருந்து ஓடி வந்தோம்னு சொல்லும், சிலது இஜா பக்கத்துல இருந்து வந்தோம்னு சொல்லும், சிலது இக்போ பக்கம்னு சொல்லும், இன்னும் சிலது நாங்க எங்கிருந்தும் வரல இங்கயேதான் இருக்கோம்னு சொல்லும். பூர்வீகக் கதையே நாலு தினுசு, இதுல ஒரே இனம்னா எப்படி?

சொல்லாய்வி:
அப்ப இட்செகிரியப் பாருங்க. கினுவான்னு பெனின் இளவரசன் 1480 வாக்குல ஆத்துல எறங்கிப் போய் ராஜ்ஜியம் அமைச்சான், ராஜா வம்சம் சுத்தமா பெனின். ஆனா மொழி யோருபா சாயல். அதே வம்சத்துல ஒருத்தர், அத்துவாட்சே, 1600கள் தொடக்கத்துல போர்ச்சுகல் கொய்ம்ப்ராவுக்கே போய்ப் படிச்சிட்டு அங்கயே பொண்ணும் கட்டிட்டு வந்தாரு, அதுக்காக இட்செகிரிய போர்த்துக்கீசியக் கூட்டம்னா சொல்றோம்? ராஜா எங்கிருந்து வந்தாருங்கறது வேற, ஜனங்க யாருங்கறது வேற.

கடலோரக்காகம்:
சரி மொழிக்கே வர்றேன், நீங்களே குழி வெட்டிக்கிட்டீங்க. அதே தென்மேற்குக் கிளைல இருக்கற இசோகோவ வெள்ளக்காரனும் சோபோ மூட்டைலதான் போட்டான், ஹப்பர்ட்ங்கற மிஷனரி 1948-ல, அதாவது பேர் மாத்திப் பத்து வருசம் கழிச்சு, போட்ட புஸ்தகத்துக்கே சோபோன்னுதான் தலைப்பு, உள்ள இசோகோவும் இருக்கும் உரோபோவும் இருக்கும். அப்புறம் என்னாச்சு? இசோகோ தனி நிர்வாகம் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க, தனி பைபிள், தனிச் சங்கம், இன்னிக்கு யாராவது இசோகோவ உரோபோன்னு கூப்புட்டா அடிக்க வருவாங்க. நீங்க சொல்ற எடோ குடும்பத்த வகைப்படுத்துன பென் எலுக்பேவே ஒக்பேய தனி மொழின்னுதான் எழுதுறாரு. அப்ப இசோகோ போகலாம், ஒக்பே மட்டும் போகக் கூடாதா?

சொல்லாய்வி:
போகக் கூடாதுன்னு நான் எங்க சொன்னேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணா இருந்தாங்கன்னுதான் சொல்றேன். எழுதற உரோபோவுக்கு அக்பரோ ஊர்ப் பேச்ச அளவுகோலா எடுத்தாங்க, பைபிளும் பள்ளிக்கூடப் பாடமும் அதுல வந்துச்சு, ஒக்பேக்காரங்களுக்கு எரிச்சல் வர அதுவும் ஒரு காரணம்னு ஒத்துக்கறேன்.

பனிமலர்_லாகோஸ்:
ரெண்டு பேரும் மொழி மொழின்னு மல்லுக்கட்டறீங்க, நெலத்தப் பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கல. இங்க பதினாலு வருசமா இருக்கேன், டெல்டாக்காரங்க யார்கிட்ட பேச ஆரம்பிச்சாலும் அரை மணி நேரத்துல பேச்சு கோர்ட் கேஸ்ல போய்த்தான் நிக்கும்.

டோரே நூமான்னு ஒருத்தர், இட்செகிரி. 1894-ல நானா ஒலோமுவோட எப்ரோஹிமி கோட்டைய பிரிட்டிஷ் கப்பல் வந்து தகர்த்துச்சே, அப்ப வெள்ளக்காரன் பக்கம் நின்னவரு. நானாவும் இட்செகிரிதான், பாமாயில் வியாபாரத்தையே கைக்குள்ள வச்சிருந்த ஆளு, அவர அக்ராவுக்கு நாடு கடத்திட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் டோரே வச்சதுதான் சட்டம். வாரி டவுன் நெலத்த சர்க்காருக்கு லீசுக்கு எழுதிக் கொடுத்தாரு, 1911 லீசு இன்னும் பேச்சுல அடிபடும். அங்க குடியிருந்த அக்பஸ்ஸா உரோபோக்காரங்க "அது எங்க மண்ணு, நீ யாரு எழுதிக் கொடுக்க"ன்னு கேஸ் போட்டாங்க, 1926-ல தோத்தாங்க, கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயும் ஒண்ணும் தேறல. இட்செகிரி ராஜாவுக்குத்தான் மேலுரிமைன்னு ஆயிப்போச்சு. வேடிக்கை என்னன்னா அந்தத் தீர்ப்பு வந்தப்ப இட்செகிரிக்கு ராஜாவே கிடையாது, 1848-ல அக்கெங்புவா செத்ததுல இருந்து 1936 வரைக்கும் சிம்மாசனம் காலி.

இப்ப சப்பேலேக்கு வாங்க. அங்கயும் இதே கதைதான், எங்க ராஜாவோட நெலம்னு இட்செகிரி கேட்டாங்க, ஒக்பே எதுத்து நின்னாங்க, 1940கள்ல கோர்ட் ஒக்பே பக்கம் தீர்ப்பு சொல்லிருச்சு. வாரில தோத்தவன் உரோபோ, சப்பேலேல ஜெயிச்சவன் ஒக்பே. தம்பி டெல்டா_திரும்பி, உங்க சப்பேலேக்காரர் ஏன் ஸ்பூன கீழ வச்சாருன்னு இப்ப வெளங்குதா?

டெல்டா_திரும்பி:
அக்கா இத யாருமே எனக்குச் சொல்லல. அவர் தாத்தா கேஸ் நடந்தப்ப சாட்சி சொன்னாருன்னு ஒருநாள் பேச்சுவாக்குல சொன்னாரு, எந்த கேஸ்னு நான் கேட்டுக்கவே இல்ல பாருங்க.

கடலோரக்காகம்:
அக்கா என் பாயின்ட்டத்தான் பலமா சொல்றாங்க. கோர்ட்டுல நிக்கறதுக்கு ஒரு பேரு வேணும், கூட்டம் வேணும், அதுக்காக உண்டானதுதான் இந்த உரோபோ. நெலச் சண்டையோட குழந்தை.

பனிமலர்_லாகோஸ்:
இல்ல காகம், நான் சொன்னத உங்க பக்கம் இழுக்காதீங்க. வாரில கேஸ் போட்டவங்க சங்கம் வர்றதுக்கு முன்னாடியே போட்டாங்க, அக்பஸ்ஸா ஜனங்கன்னுதான் போட்டாங்க. ஆனா 1952 பாருங்க. அதுவரைக்கும் அந்த ராஜாவுக்கு "இட்செகிரிகளின் ஒலு"ன்னுதான் பட்டம். அப்ப மேற்கு நைஜீரியாவ ஆண்ட அவோலோவோ கட்சி சர்க்கார் அத "வாரியின் ஒலு"ன்னு மாத்துச்சு. ஒரே வார்த்தைதான் மாறுச்சு, ஆனா வாரி மாகாணம்னா உள்ள உரோபோவும் இஜாவும் மேற்கு இக்போவும் எல்லாரும் இருக்காங்க, அத்தன பேருக்கும் இவர்தான் ராஜாங்கற மாதிரி ஆயிருச்சு. ஊரே பத்திக்கிச்சு. கடைசில பட்டத்த விட்டுட்டு மாகாணத்தோட பேரையே டெல்டான்னு மாத்துனாங்க. இல்லாத இனம் இவ்வளவு கோவப்படுமா? சங்கம் அந்தக் கோவத்துக்கு லெட்டர்பேட் அடிச்சுக் கொடுத்துச்சு, அம்புட்டுதான்.

கடலோரக்காகம்:
1952ங்கறப்ப சங்கத்துக்கு இருபத்தோரு வயசு அக்கா. ஒரு தலைமுறையே அதுல வளந்து வந்துருச்சு. கோவம் வராம என்ன செய்யும்.

சொல்லாய்வி:
சங்கத்துக்கு முந்தின சாட்சி ஒண்ணு தர்றேன். உஜேன்னு ஒரு ஆட்டப்பாட்டு, ரெண்டு பகுதிக்காரங்க எதிரெதிரா நின்னு ஒருத்தர ஒருத்தர் வசை பாடுவாங்க, சும்மா திட்டு இல்ல, போன வருசம் உன் ஊர்ல யாரு கடன் வாங்கி ஏமாத்துனான், யாரு பொண்டாட்டி யாரோட ஓடுனா, எல்லாம் ரகசியமா விசாரிச்சு வச்சிருந்து பாட்டாக் கட்டி ஜனங்க முன்னாடி ஆடிக் காட்டுவாங்க, மறுபக்கம் பதில் பாட்டோட திரும்பி வரும். எதிரி ஊருக்குள்ள உளவு பாக்க உறவுக்காரன் வேணும், அவன் திட்டறது இவனுக்கு வரிக்கு வரி புரியணும். வேத்து ஜனங்களுக்குள்ள இந்த வெளையாட்டு நடக்கவே நடக்காது.

கடலோரக்காகம்:
அழகா சொன்னீங்க, ரசிச்சேன், ஆனா உஜே உடு, உகியெவ்வென் மாதிரி வாரிய ஒட்டுன சில குழுக்களோட சொத்துங்க. மொத்த உரோபோவும் ஆடுனதில்ல. ஒக்பேவோட கதையே வேற ரூட்டு, மொத ஒரோஜே எசேசி அட்டூழியம் பண்றாருன்னு சொந்த ஜனங்களே அவரக் கொன்னுட்டு ஒரேரொக்பே ஊரையே காலி பண்ணிட்டு செதறிப் போயிட்டாங்க, அப்புறம் ராஜாவே வேணாம்னு தலைமுறை தலைமுறையா இருந்து 1945-லதான் ரெண்டாம் எசேசிக்கு முடி சூட்டுனாங்க. இந்த நெனப்பு ஒக்பேக்காரனுக்கு மட்டும்தான் இருக்கு, உகெல்லிக்காரனுக்கு இல்ல.

ஊர்சுத்தி மணி:
ராஜாவக் கொன்னுட்டு ஊரையே காலி பண்ணிட்டாங்களா, இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஒழுங்கா படிச்சிருப்பேனே. ஒரு டவுட்டு, பாங்கா சூப்பு யாரோடது?

பனிமலர்_லாகோஸ்:
அய்யய்யோ மணி அண்ணே, இருக்கற சண்டை பத்தாதா. பனம்பழத்த வேக வச்சு இடிச்சு சாறு எடுத்து வைக்கற சூப்பு, தொட்டுக்க மரவள்ளி மாவுல கிண்டுன மஞ்சக் களி, இங்க ஸ்டார்ச்சும்பாங்க, உரோபோல உசி. உரோபோ எங்களதும்பான், இட்செகிரி எங்களதும்பான், இசோகோ ரெண்டு பேரையும் பாத்து சிரிப்பான்.

சொல்லாய்வி:
காகம், எசேசி விசயத்துல நீங்க சொன்னது சரி, அத நான் யோசிக்கல. ஆனா அந்த ஒக்பேக்காரனும் சாமிய ஒகெனேன்னுதான் கூப்புடறான், உகெல்லிக்காரனும் அப்படித்தான்.

கடலோரக்காகம்:
இசோகோக்காரனும் அப்படித்தான் சார். திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாமா?

டெல்டா_திரும்பி:
இருங்க இருங்க. இப்பதான் சப்பேலேக்காரருக்கு வாட்சாப்ல போன் அடிச்சேன், நீங்க உரோபோவா இல்லயான்னு இங்க ஒரு கூட்டமே அடிச்சிக்குதுன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. தாத்தா சாட்சி சொன்னது சப்பேலே கேஸ்தானாம், ஜெயிச்ச அன்னிக்கு ஊர்ல ஒகொகொரோ சாராயம் ஆறா ஓடுச்சாம். அப்ப உகெல்லிக்காரர் சொல்றது தப்பான்னு கேட்டேன், "அவன் தங்கச்சியத்தான் என் மகனுக்குப் பேசி முடிச்சிருக்கோம், இப்ப போயி எதுக்கு அந்தப் பேச்சு"ன்னுட்டு போன வச்சிட்டாரு.