ஃபைபர் வள்ளம் ஏற்றும் டிரெய்லரில் இடப்புற டயர் மட்டும் உள்ஓரம் தேய்கிறது: காரணத்தை எப்படிக் கண்டறிவது?

மண்டபம் வள்ளக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் ஃபைபர் வள்ளங்களைத் தரைவழியாக ஏற்றிச் செல்வதற்கு ஒற்றை ஆக்சில் டிரெய்லர் ஒன்றை வைத்திருக்கிறேன். வாடை பிறந்து வடகடல் கொந்தளிக்கத் தொடங்கினால் வள்ளத்தைத் தென்கடல் கரைக்கும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழும்பினால் மறுபடி வடகடல் கரைக்கும் மாற்றிக்கொள்பவர்கள் எங்கள் பகுதியில் பலர் உண்டு. அந்த வேலையோடு, பழுது பார்ப்பதற்காகக் கீழக்கரைக்கும் தொண்டிக்கும் வள்ளங்களைக் கொண்டு போய் வருவதும் உண்டு.

ஆறு மாதங்களுக்கு முன் இரண்டு டயர்களையும் ஒரே நாளில் புதிதாக மாட்டினேன். இதுவரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் ஓடியிருக்கும். வலப்புற டயர் இன்னும் புதிது போலவே இருக்கிறது. இடப்புற டயரோ, வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கீழே படுத்து உள்பக்கத்தைப் பார்த்தால் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டையாகிவிட்டது. பட்டன் ஆழத்தை, அதாவது டயர் வெட்டுகளின் ஆழத்தை, அளந்தேன்: வெளிஓரத்தில் 6 மில்லிமீட்டர், நடுவில் 5, உள்ஓரத்தில் ஒன்றரை. தேய்ந்த இடம் கையால் தடவினால் வழவழப்பாக இருக்கிறது.

ரிம் 14 அங்குலம். வள்ளமும் இன்ஜினும் சேர்ந்து ஒரு டன்னுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். கரை மணலில் இறங்கும்போது காற்றை 20 பவுண்டுக்குக் குறைப்பேன், தார்ச்சாலைக்கு ஏறியதும் 40 பவுண்டு பிடித்துக்கொள்வேன். அலைன்மென்ட் பார்க்கும் கடை ஒன்றில் கேட்டபோது, டிரெய்லரைத் தங்கள் இயந்திரத்தில் ஏற்ற முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். ஆகவே வீட்டு முற்றத்திலேயே கண்டறிய வழி உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

தேவிபட்டினம் பஞ்சர் கடை:

காற்றுக் கோளாறு இல்லை என்று முதலிலேயே ஒதுக்கிவிடலாம். காற்றுக் குறைவாக ஓடிய டயர் இரண்டு ஓரங்களிலும் தேயும், நடு நிற்கும். காற்றுக் கூடுதலாக ஓடியது நடுவில் தேயும், ஓரங்கள் நிற்கும். ஒரே ஓரம் மட்டும் போகிறதென்றால் சக்கரம் நிற்கும் நிலையில்தான் பிழை. டயரைத் திருப்பி மாட்டச் சொல்லி யாராவது யோசனை கூறுவார்கள். அப்படிச் செய்தால் மற்ற ஓரமும் மொட்டையாகும், அவ்வளவுதான் மிச்சம்.

உச்சிப்புளி டிராக்டர்:

எனக்கு இது ஆக்சில் கோணிப்போன கோளாறாகப் படுகிறது. கடல்நீரில் இறங்கி ஏறும் வண்டியில் ஸ்பிரிங் பட்டைகளை இணைக்கும் நடு போல்ட்டுதான் முதலில் துருப்பிடித்து அறும். அது அறுந்தால் ஆக்சிலின் ஒரு பக்கம் மட்டும் மெல்லப் பின்னால் நகர்ந்துவிடும். இழுக்கும் வண்டியோடு டிரெய்லரைப் பூட்டும் கப்ளிங்கின் நடுப்புள்ளியிலிருந்து இரண்டு ஆக்சில் முனைகளுக்கும் உள்ள தூரத்தை எஃகு நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. கயிற்றால் அளக்க வேண்டாம், அது இழுத்த இழுப்புக்கு நீளும். என் டிராக்டர் டிரெய்லரில் இதே கோளாறு வந்தபோது, பின்னால் வந்தவர்கள் வண்டி நண்டு போல ஒருக்களித்து ஓடுகிறது என்று சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

கீழக்கரை லேத்:

உச்சிப்புளி அன்பர் சொன்ன அளவை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நோய்க்கு அறிகுறி வேறு. ஒற்றை ஆக்சில் வண்டியில் இரண்டு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும் வரை, ஆக்சில் கோணலாக இருந்தாலும் சக்கரங்கள் தம் போக்கில் நேராகவே உருண்டு போகும்; மேலே உள்ள சட்டம்தான் ஒருக்களிக்கும். அதனால் டயர் பெரிதாகத் தேயாது. இரட்டை ஆக்சில் வண்டியில் அப்படியன்று, ஒரு ஆக்சில் இழுத்த பக்கத்துக்கு மற்றது போகாமல் மல்லுக்கட்டி நான்கு டயர்களையும் கெடுத்துவிடும்.

இனி, சக்கரங்கள் இரண்டும் இணையாக இல்லாமல் முன்பக்கம் குவிந்தோ விரிந்தோ இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். இரண்டு டயர்களுக்கும் இடையே முன்பக்கம் எடுத்த அளவுக்கும் பின்பக்கம் எடுத்த அளவுக்கும் 6 மில்லிமீட்டர் வேறுபாடு இருக்கிறது, டயரின் விட்டம் 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 மீட்டர் பக்கவாட்டு உரசலை அந்த இரண்டு டயர்களும் தாங்க வேண்டும். டிரெய்லர் சற்றே திரும்பி அந்த உரசலை இரண்டு பக்கத்துக்கும் பங்கிட்டுக்கொள்வதால், ஒரு முனை மட்டும் வளைந்திருந்தாலும் தேய்மானம் இரண்டு டயரிலும் தெரியும். அது மட்டுமல்ல, அந்தத் தேய்மானம் வழவழப்பாக இருக்காது. உள்ளங்கையை ஒரு திசையில் தடவினால் மழுமழுவென்றும், எதிர்த்திசையில் தடவினால் அரம் போலவும் பிடிக்கும். தம்பி எழுதியதில் ஒரே டயர், ஒரே ஓரம், வழவழப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதால், இடப்புறச் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சாய்வைப் பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். டிரெய்லரை மட்டமான சிமென்ட் தளத்தில் நிறுத்தி, தளம் மட்டமா என்பதை ரசமட்டம் வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். டயரின் வெளிப்புறத்தில், அதன் புடைப்பில் படாதவாறு குண்டைத் தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள இடைவெளியைத் தனித்தனியே அளக்க வேண்டும். பிறகு சக்கரத்தை அரைச்சுற்று சுற்றி மறுபடியும் அளக்க வேண்டும். வேறுபாடு பக்கம் மாறினால் ரிம் நெளிந்திருக்கிறது; மாறாமல் நின்றால் கோளாறு ஆக்சிலில் இருக்கிறது. வள்ளம் இல்லாமல் ஒரு முறையும் ஏற்றி ஒரு முறையும் எடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் தலையையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பேரிங் தளர்ந்திருந்தால் "டக்" என்று ஆடும். பாரம் ஏறியதும் அந்த ஆட்டமே சக்கரத்தைச் சாய்த்துக் காட்டும், நீங்களும் நல்ல ஆக்சிலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

மண்டபம் வள்ளக்காரன்:

கீழக்கரை காக்கா (அண்ணன்) அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இந்த வேலையிலேயே கழிந்தது.

கப்ளிங்கிலிருந்து எடுத்த அளவில் இடப்பக்கம் 5 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. நடு போல்ட் அறவில்லை. ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் துருவேறித் தளர்ந்திருந்தன. சக்கரங்களின் முன்பின் அளவில் வேறுபாடு 1 மில்லிமீட்டர்தான். இடப்புறச் சக்கரம் ஆட்டியதும் ஆடியது. பேரிங் உட்காரும் சக்கரக் குடமான ஹப்பைத் திறந்தால் கிரீஸ் மோர் கலந்தது போல வெளுத்துப் போயிருந்தது. பேரிங் உருளைகளில் கறுத்த புள்ளிகள். பேரிங்கும் சீலும் புதிதாகப் போட்டு, ஆட்டம் முழுவதும் நின்ற பிறகே தூக்குக்குண்டு பிடித்தேன்.

வள்ளம் இல்லாமல் இடப்பக்கம் மேல் இடைவெளி கீழ் இடைவெளியைவிட 9 மில்லிமீட்டர் அதிகம், வலப்பக்கம் 1. வள்ளத்தை ஏற்றிய பிறகு இடப்பக்கம் 12, வலப்பக்கம் 4. சக்கரத்தை அரைச்சுற்று சுற்றியும் இடப்பக்க அளவு மாறவில்லை.

இப்போதுதான் ஒன்று நினைவுக்கு வருகிறது. மாசியில் உச்சிப்புளிக்கு இப்பால் எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கியபோது, மண் அரித்திருந்த சாலை ஓரத்தில் இடப்புறச் சக்கரம் மட்டும் அரையடி இறங்கி அடித்தது. வள்ளம் ஏற்றியிருந்தேன். டயர் வெடிக்காததால் அதோடு மறந்துவிட்டேன்.

கீழக்கரை லேத்:

பாரம் ஏறியதும் இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடியிருப்பது ஆக்சில் வளைந்துகொடுப்பதுதான், அதில் குற்றம் இல்லை. சக்கரங்கள் ஸ்பிரிங்குகளுக்கு வெளியே நிற்பதால், சுமை ஏறினால் ஆக்சிலின் நடுப்பகுதி தாழ்ந்து இரண்டு சக்கரங்களின் தலையும் உள்ளே சாயும். வெற்று வண்டியிலேயே இருக்கும் அந்த 9 மில்லிமீட்டர்தான் பள்ளத்தில் அடித்ததன் பலன். 14 அங்குல ரிம்மில் அது ஏறத்தாழ ஒன்றரை பாகை. பாரத்தோடு இரண்டு பாகையைத் தொடுகிறது. ஒரு டன் சுமையில் இடப்பக்கத்துக்கு வந்த பாதியைப் பெரும்பாலும் அந்த இரண்டு விரல் அகலம்தான் சுமந்திருக்கிறது.

வெளுத்த கிரீஸுக்குக் காரணம் வேறு. தார்ச்சாலையில் ஓடிச் சூடேறிய ஹப்பை அப்படியே கடலில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். ஹப்பைத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு இறக்குங்கள். வலப்புற ஹப்பையும் திறந்து பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒரே தண்ணீரில்தான் இறங்கின.

வளைந்த முனையைக் காய்ச்சி அடித்து நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். நிமிர்ந்தது போலத்தான் தெரியும், ஆனால் காய்ச்சிய இடத்தில் எஃகின் பலம் போய்விடும். அடுத்த பள்ளத்தில் சக்கரம் தனியே கழன்று ஓடும். இன்னொரு சோதனையும் செய்யுங்கள். முனையைச் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டு, உலரத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைத் தூவுங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் மண்ணெண்ணெய் அதிலிருந்து கசிந்து வெள்ளைத் தூளில் கோடாகக் காட்டிவிடும்.

புது ஆக்சில் போடும்போது அதை மேல்கீழாக மாட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில ஆக்சில்கள் சுமையில் நிமிர்வதற்காகவே நடுவில் சற்று மேல்நோக்கி வளைத்துச் செய்யப்படுகின்றன. அதைத் திருப்பி மாட்டினால் முதல் நாளிலிருந்தே இரண்டு டயர்களும் உள்ஓரம் தேயும். இரண்டு முனைகளுக்கும் நூல் கட்டி, எந்தப் பக்கம் வளைவு இருக்கிறது என்று பார்த்த பிறகே யூ போல்ட்டை இறுக்குங்கள். யூ போல்ட்டுகளும் புதிதாகவே இருக்கட்டும். அப்போதே உச்சிப்புளி அன்பர் சொன்ன கப்ளிங் அளவையும் சரிசெய்துவிடலாம்.

மண்டபம் வள்ளக்காரன்:

சுண்ணக்கட்டி தூவிப் பார்த்தேன். உள்பேரிங் உட்காரும் இடத்துக்குப் பின்னால், பற்றவைப்பு ஓரத்தில், சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு கோடு ஊறி நிற்கிறது. துடைத்துவிட்டு மறுபடி தூவினேன், அதே இடத்தில் மறுபடி வந்தது. வலப்புற ஹப்பிலும் கிரீஸ் வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. டிரெய்லர் இப்போது முட்டுக்கட்டைகளின் மீது நிற்கிறது. தொண்டிக்குப் போக வேண்டிய வள்ளத்தின் சொந்தக்காரரிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டேன். காக்கா, பழைய ஆக்சிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு புதன்கிழமை காலையில் லேத்துக்கு வருகிறேன்.