ஹொல்லென்டால் ரயில்பாதையில் பற்சக்கரம் ஏன் கைவிடப்பட்டது?

கேள்வி: ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கிலிருந்து கருங்காட்டுக்குள் ஏறும் ஹொல்லென்டால் பாதையில் முன்பு பற்சக்கர எஞ்சின்கள் ஓடியதாகப் படித்தேன். அவை எதனால் நீக்கப்பட்டன? இன்று இப்பாதை சுற்றுலாவுக்கு மட்டும்தானா?

பதில் 1: ராபர்ட் கெர்விக் திட்டமிட்ட இப்பாதை 1887இல் நொய்ஷ்டாட் வரை திறக்கப்பட்டபோது, ஹிர்ஷ்ஷ்ப்ருங், ஹின்டர்சார்டன் நிலையங்களுக்கு இடையே ஏறத்தாழ 18 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றம் இருந்ததால், தண்டவாளங்களின் நடுவே பல்தண்டு பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றி ஏறும்படி செய்தார்கள். வேகமோ மிகக் குறைவு. பற்சக்கரமின்றியே இந்த ஏற்றத்தில் ஏறும் வலிமைகொண்ட 85ஆம் வகை நீராவி எஞ்சின்கள் பத்து இதற்கென்றே கட்டப்பட்டு, 1933இல் பல்தண்டு தேவையற்றதாயிற்று.

பதில் 2: என் பார்வையில் இப்பாதையின் உண்மையான பெருமை மின்மயமாக்கலே. 1936இல் இங்கே 20 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ் (வீடுகளுக்கு வரும் பொது மின்சாரத்தின் அதிர்வெண்) மின்சாரத்தைச் சோதித்தார்கள். போருக்குப் பின் இப்பகுதி பிரெஞ்சு ஆளுகையில் இருந்தபோது பிரெஞ்சுப் பொறியாளர்கள் அதை ஆராய்ந்து வளர்த்தெடுத்த முறையைத்தான், 25 கிலோவோல்ட்டாக, இந்திய ரயில்வேயும் பின்னர் ஏற்றது. ஆனால் 1960இல் இப்பாதையே ஜெர்மனியின் வழக்கமான மின்முறைக்கு மாறிவிட்டது!

பதில் 3: சுற்றுலாவுக்கு மட்டுமன்று. 1945இல் தகர்க்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட, இப்பாதையிலுள்ள ராவென்னா பாலத்தைக் காண வருவோர் பலர் என்றாலும், வேலைக்கும் பள்ளிக்கும் செல்வோரே இதன் அன்றாடப் பயணிகள். ஃப்ரைபுர்க் வட்டாரத்தின் ப்ரைஸ்காவ் எஸ்-பான் (புறநகர் ரயில்) வண்டிகள் இப்பாதை வழியே வில்லிங்கன் நகர் வரை செல்கின்றன.