மறு: கீவேர்டு – திறவுச்சொல்லா, சாவிச்சொல்லா?

வணக்கம் நண்பர்களே,

இரண்டு நாளாக இந்த இழையில் வந்த மடல்களைப் படித்துக்கொண்டே இருந்தேன், பதில் எழுத இன்றுதான் நேரம் கிடைத்தது. பழைய மறையெழுத்துகளை (எழுத்துகளை மாற்றி எழுதும் ரகசியக் கடிதங்களை) எப்படி உடைத்துப் படித்தார்கள் என்ற கட்டுரைக்காக நண்பர் ஐந்தாறு கலைச்சொல் கேட்டிருந்தார்; நாம் எல்லோரும் கீவேர்டு என்ற ஒரே சொல்லில் நின்றுவிட்டோம், அதாவது மறையெழுத்தை எழுதவும் திரும்பப் படிக்கவும் எழுதியவரும் பெறுபவரும் மனத்தில் வைத்துக்கொள்ளும் ரகசியச் சொல். நிற்க வேண்டிய சொல்தான். கீவேர்டு சரியாக அமைந்துவிட்டால் மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும், அதனால் நானும் அதைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன்.

> திறவுச்சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். ஆய்வுக்கட்டுரைகளில் சுருக்கத்துக்குக் கீழே 'திறவுச்சொற்கள்' என்று நாலைந்து சொல்லைப் போடுகிறோம், தேடுபொறியில் தட்டுகிற சொல்லையும் அப்படியே சொல்கிறோம். 'திறவுச்சொல்லைக் கண்டுபிடித்து மறையெழுத்தை உடைத்தார்கள்' என்று எழுதினால், கடிதத்துக்குள் இருந்த ஏதோ முக்கியமான சொல்லைக் கண்டுபிடித்தார்கள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். மறையெழுத்தில் கீவேர்டு கடிதத்துக்குள் இருப்பதே இல்லை. எழுதியவர் நினைவிலும் பெறுபவர் நினைவிலும் இருக்கிறது, தாளில் விழுவது அதன் தடம் மட்டும். அந்தத் தடத்தைப் பிடித்துச் சொல்லுக்குப் போவதுதான் கட்டுரையின் மொத்த விஷயமே. 'குறிச்சொல்'லுக்கும் இதே கதி, அது டேக் என்பதற்குப் போய்விட்டது.

கடவுச்சொல்லை முன்மொழிந்தவருக்கு வரலாற்றில் ஒரு நல்ல ஆதாரம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1553இல் ஜோவன் பத்திஸ்தா பெல்லாசோ என்ற இத்தாலியர்தான் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதி, அதை வைத்து எழுத்துக்கு எழுத்து வேறு வேறு வரிசையை (எந்த எழுத்துக்குப் பதில் எது என்று காட்டும் வரிசையை) எடுக்கும் முறையை வெளியிட்டார் (பிற்காலத்தில் இது விஜெனேர் என்ற பிரெஞ்சுக்காரர் பெயரில் ஒட்டிக்கொண்டது). அவர் அந்தச் சொல்லை அழைத்த பெயர் 'கொன்ட்ராசென்யோ', அதாவது பாசறைக் காவலனிடம் சொல்லிவிட்டு உள்ளே போகிற சொல். அப்படியே நம் கடவுச்சொல்! ஆனால் இன்று கடவுச்சொல் என்றால் சரிபார்ப்பதற்கு மட்டும் உள்ள சொல். சரியா தவறா என்று பார்த்ததும் அதன் வேலை முடிந்தது. கீவேர்டு அப்படியில்லை, கடிதத்தின் ஒவ்வொரு எழுத்தையும் அது தொடுகிறது.

சரி, என் முன்மொழிவு: சாவிச்சொல். இது எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் உட்கார்ந்து யோசித்து ஆக்கிய சொல் இல்லை.

போன மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். ஆங்கில எழுத்து வேண்டாம் என்று மெய்யெழுத்து பதினெட்டையும் எடுத்துக்கொண்டோம், உயிர்க்குறிகளை இருந்தபடியே விட்டுவிட்டோம். கரும்பலகையில் வழக்கமான வரிசை:

க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன

அதன் கீழே 'தமிழகம்' என்ற சொல்லின் மெய்கள் த, ம, ழ, க. கடைசி ம் ஏற்கெனவே வந்துவிட்டதால் அதை விட்டுவிட்டு, மீதி எழுத்துகளை வழக்கமான வரிசையிலேயே தொடர்ந்தால்:

த ம ழ க ங ச ஞ ட ண ந ப ய ர ல வ ள ற ன

மேல்வரியில் இருக்கும் எழுத்துக்குப் பதில் கீழ்வரி எழுத்து. 'மழை வந்தது' என்பது 'நவை லட்ஞஞு' ஆகிவிடும். இதை எழுதிக்கொண்டே பிள்ளைகளிடம், "இந்த வரிசைக்கு இப்ப தமிழகம்னு சாவி கொடுத்திருக்கோம்" என்றேன். வாயில் தானாக வந்தது. ஒருவர்கூட அப்படியென்றால் என்ன என்று கேட்கவில்லை. அடுத்த பயிற்சிக்கு அவர்களே "வேற சாவி குடுங்க" என்றார்கள். பொம்மைக்குச் சாவி கொடுக்கிறோம், சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறோம். கையில் இருப்பது சின்னத் திருகல், உள்ளே இருக்கும் பல்சக்கரம் எல்லாம் அதில் ஓடுகிறது. கீவேர்டு செய்கிற வேலை இதுவேதான். பதினெட்டு எழுத்தை மாற்றி மாற்றி அடுக்கச் சுமார் 6,400 லட்சம் கோடி வழிகள் உண்டு, அதில் ஏதோ ஒன்றை மனப்பாடம் செய்து வைப்பது யாருக்கும் ஆகாது. 'தமிழகம்' என்று நினைவில் இருந்தால் போதும், வரிசை முழுக்க வந்துவிடும். 'திறவு' இந்த வேலையில் பாதியைத்தான் சொல்கிறது. சாவி பூட்டுகிறது, திறக்கிறது, ஓடவும் வைக்கிறது.

உடைக்கும் பக்கத்தையும் அதே கரும்பலகையில் பார்த்தோம். ஒரு சீட்டில் 'அலள் லட்ஞாள்' என்று எழுதிக் கொடுத்தேன், எந்தச் சாவி என்று சொல்லவில்லை. ஒரு பெண் "ரெண்டுமே ள்-ல முடியுது சார், அவள்னு இருக்குமோ" என்று ஆரம்பித்து, 'அவள் வந்தாள்' வரைக்கும் வந்துவிட்டாள். இங்கே அந்தப் பெண் பிடித்தது முறையின் நிஜமான ஓட்டையை. இரண்டு வரிசையையும் மறுபடி பாருங்கள், கடைசியில் ள ற ன மூன்றும் நகரவே இல்லை. சாவிச்சொல்லில் கடைசிப் பக்கத்து எழுத்து வராவிட்டால் வரிசையின் வால் அப்படியே நின்றுவிடும். ஆங்கிலத்தில் எக்ஸ், ஒய், இசட் நிற்பதுபோல. ஆங்கிலத்தில் அவை அதிகம் வராத எழுத்துகள், பெரிய சேதமில்லை. தமிழில் நிற்பது ன்னும் ள்ளும்! வந்தான், வந்தாள், அவன், அவள், மக்கள், நாள்கள் எல்லாம் முகமூடி இல்லாமல் வெளியே தெரிகின்றன.

அப்புறம் சொல்லைப் பிடிப்பது. இப்போது நமக்குத் தெரிந்தது த-வுக்கு ஞ, ந-வுக்கு ட, வ-வுக்கு ல, ள-வுக்கு ள. இடத்தை எண்ணிப் பார்த்தால் ஞ ஏழாவது, ட எட்டாவது, ல பதினான்காவது, ள பதினாறாவது. ட-வுக்கும் ல-வுக்கும் நடுவே ஐந்து இடம்தான் இருக்கிறது, ஆனால் அகரவரிசைப்படி அவற்றுக்கிடையே ண த ந ப ம ய ர என்று ஏழு எழுத்து வர வேண்டும். ஆகவே இரண்டு எழுத்து முன்னால் போயிருக்கின்றன, சாவிச்சொல்லுக்குள். ல-வுக்கும் ள-வுக்கும் நடுவே ஓர் இடம், எழுத்து இரண்டு, வ, ழ. அதிலும் ஒன்று போயிருக்கிறது. ஏழில் இரண்டும், வ அல்லது ழ-வும், கூடவே க ங ச-வில் ஏதாவதும் சேர்ந்து ஒரு சொல். த, ம, ழ என்று மூன்றும் சேர்ந்து கண்ணில் பட எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டே சொல் உள்ள சீட்டிலிருந்து இவ்வளவு தூரம் வர முடிகிறது. சாவிச்சொல் கையில் வந்ததும் இதுவரை சீட்டில் தலைகாட்டாத எழுத்துகளுக்கும் சேர்த்து முழு வரிசையும் கிடைக்கிறது, அதனால்தான் உடைப்பவர்கள் ஓரிரு வரி படிக்க முடிந்ததோடு நிற்காமல் சொல்லைத் தேடிப் போகிறார்கள்.

பிள்ளைகள் செய்தது விளையாட்டு இல்லை என்பதையும் கட்டுரையில் சொல்ல வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவருக்கு மறையெழுத்துச் செயலர்களாக இருந்த அர்ஜென்டி குடும்பத்தார் இப்படித்தான் ஒரு சொல்லை முன்னால் வைத்து எழுத்து வரிசையைக் கலைத்தார்கள்.

இப்போது இன்னொரு சிக்கலுக்கு வருகிறேன், இதை யாரும் எழுப்பவில்லை. பெல்லாசோவின் முறையில் கீவேர்டு வரிசையைக் கலைப்பதில்லை. எந்த எழுத்துக்கு எந்த வரிசை என்று சுழன்று சுழன்று சொல்கிறது. இரண்டும் வேறு வேலை, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கீவேர்டுதான். வர்ஜீனியாவில் லாங்லியில் உள்ள சிஐஏ தலைமையகத்தில் 1990இல் ஜிம் சான்பார்ன் நிறுவிய 'கிரிப்டோஸ்' சிற்பத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அகரவரிசையைக் கலைத்தது 'கிரிப்டோஸ்' என்ற சொல், அந்த வரிசை அட்டவணையாகச் செப்புத் தகட்டிலேயே வெட்டியிருக்கிறது. அதன்மேல் சுழலும் சொல் முதல் பகுதிக்கு 'பாலிம்ப்செஸ்ட்', இரண்டாம் பகுதிக்கு 'அப்சிஸ்ஸா'. ஒரே பத்தியில் இரண்டு கீவேர்டு வந்தால் படிப்பவர் திணறிப்போவார். ஆகவே முதல் வகைக்கு வரிசைச்சாவி, இரண்டாவதுக்கு சுழற்சாவி. இரண்டுக்கும் பொதுவாகச் சாவிச்சொல். இங்கே ஆங்கிலத்தைவிட நாம் தெளிவாக எழுத முடியும், அந்த வாய்ப்பை விட்டுவிடக்கூடாது.

சுழற்சாவியை உடைப்பது முதலில் நீளத்தைக் கண்டுபிடிப்பதில் தொடங்குகிறது. பிரஷ்யத் தரைப்படை அதிகாரியாக இருந்த காசிஸ்கி 1863இல் புத்தகமாக வெளியிட்ட வழி இது: மறையெழுத்தில் ஒரே எழுத்துத்துண்டு மறுபடி வந்தால், முதல் துண்டின் தொடக்கத்திலிருந்து அடுத்த துண்டின் தொடக்கம் வரை எத்தனை எழுத்து என்று எண்ணுங்கள். 45, 75, 120 என்று வந்தால் பதினைந்து பொதுக் காரணி, சாவி பதினைந்து எழுத்தாக இருக்கலாம். அப்புறம் பதினைந்தாவது எழுத்தாகப் பொறுக்கிப் பிரித்தால் பதினைந்து எளிய வரிசைகள். அதே 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் கூட்டமைப்பு இந்தச் சுழற்சாவி முறையைத்தான் நம்பிக்கொண்டிருந்தது. அவர்கள் முக்கியமாகப் பயன்படுத்திய சாவிகள் மூன்று: 'மான்செஸ்டர் பிளஃப்', 'கம்ப்ளீட் விக்டரி', போர் முடியும் தறுவாயில் 'கம் ரெட்ரிப்யூஷன்'. ஆங்கில எழுத்தில் எண்ணிப் பாருங்கள், மூன்றுமே பதினைந்து! அதுவும் போதாமல் சொற்களுக்கு நடுவே இடைவெளியை அப்படியே விட்டார்கள், பாதி வரியை மறைக்காமல் எழுதினார்கள். எதிர்த்தரப்பான வடமாநிலங்களின் வாஷிங்டன் போர்த்துறைத் தந்தி அலுவலகத்தில் இருந்த மூன்று இளைஞர்களுக்கு, உடைக்க அது போதுமானதாக இருந்தது. விக்ஸ்பர்க் நகரில் முற்றுகைக்குள் இருந்த தென்மாநிலத் தளபதி பெம்பர்ட்டனுக்கு 1863 ஜூலை 4 தேதியிட்டு எழுதிய ஒரு சீட்டு அவரிடம் போய்ச்சேராமலே சின்னக் குப்பிக்குள் தங்கிவிட்டது, உதவிக்கு ஆள் வராது என்பதே அதில் இருந்த செய்தி. அதன் சாவி 'மான்செஸ்டர் பிளஃப்'. நகரம் சரணடைந்ததும் அதே நாளில்தான்.

> சாவி போர்ச்சுகீசியச் சொல். கலைச்சொல்லில் அதை ஏற்க முடியாது.

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது, மதிக்கிறேன். சாவி, அலமாரி, ஜன்னல் மூன்றும் ஒரே கப்பலில் வந்தவைதான். ஆனால் 'சாவி கொடுப்பது' தமிழன் ஆக்கிய வழக்கு, அதைப் போர்ச்சுகலிலிருந்து யாரும் கொண்டுவரவில்லை. நான் காப்பாற்ற நினைப்பது அந்த வழக்கைத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் அக்கா அங்கே சாவியைத் திறப்பு என்பார்கள் என்று நினைவூட்டியிருந்தார். அதனால் அகராதியில் 'திறப்புச்சொல்' என்பதை இணைச்சொல்லாகச் சேர்த்துவிடலாம், திறவுச்சொல்லோடு குழம்பாதபடி விளக்கத்தோடு.

அவர் சொன்ன இன்னொன்றை நான் முழுமனதாக ஏற்கிறேன். எழுத்துகளின் ஃப்ரீக்வென்சிக்கு 'அதிர்வெண்' வேண்டவே வேண்டாம், இங்கே எதுவும் அதிரவில்லை. நம் பாடநூல் 'நிகழ்வெண்' சரிதான், ஆனால் இலங்கைப் பாடநூல்களின் 'மீடிறன்' இன்னும் பொருத்தம். எந்த எழுத்து எத்தனை முறை மீண்டு வருகிறது என்பதே அல்லவா கேள்வி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சப்ஸ்டிட்யூஷனுக்கு எழுத்துமாற்று, டிரான்ஸ்பொசிஷனுக்கு இடமாற்று. 'பதிலீடு' தவறில்லை, ஆனால் இந்த இணை பக்கத்தில் பக்கத்தில் நின்றால் விளக்கமே வேண்டியதில்லை. கிரிப்டோசின் மூன்றாம் பகுதி இடமாற்று. சைஃபர், கோட் (code) இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். சொல்லுக்குச் சொல் மாற்றுவது கோட், அதற்கு நம் இலக்கணத்திலேயே குழூஉக்குறி இருக்கிறது: பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள். அங்கே எழுத்து எதுவும் மாறவில்லை, சாவியும் இல்லை. எழுத்துக்கு எழுத்து மாற்றுவதை மறையெழுத்து என்போம். 'வந்தாள்' என்று ஊகித்து உள்ளே நுழைய உதவிய சொல்லுக்குத் துப்புச்சொல்.

ஒரு கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க அதன் பிள்ளைகளைப் பெற்றுப் பார்க்க வேண்டும். கடிதத்தின் எழுத்துகளே அடுத்தடுத்த எழுத்துக்குச் சாவியாவது தன்சாவி. ஒரு புத்தகத்தின் பக்கத்தையே நீளமாகச் சாவியாக்குவது நெடுஞ்சாவி. ஒருமுறை பயன்படுத்தி அழித்துவிடுவது ஒருமுறைச்சாவி. இவற்றை 'திறவுச்சொல்'லில் ஆக்கிப் பார்த்தேன், தன்திறவுச்சொல், நெடுந்திறவுச்சொல் என்று நாக்கில் சிக்குகிறது.

கட்டுரை எழுதும் நண்பர் கிரிப்டோஸ் பற்றிய பத்தி ஒன்றை வரிசைச்சாவி, சுழற்சாவி இரண்டையும் வைத்து ஒருமுறை எழுதி இங்கே போட்டால் நல்லது. சொல் வரியில் எப்படி உட்காருகிறது என்று பார்த்துவிட்டு விக்சனரியில் ஏற்றலாம், அதுவரை நான் எதையும் ஏற்றப்போவதில்லை.

அன்புடன்