கையால் சாவி கொடுக்கிற வாட்ச், கை அசைவிலேயே சாவி ஏறுகிற ஆட்டோமேட்டிக் வாட்ச் கட்டுகிறவர்களே, உங்களுடையது ஒரு நாளைக்கு எத்தனை செகண்ட் தப்புகிறது?

முதலில் என் கதை. ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்கின முதல் வாரமே ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் போனில் செகண்டோடு நேரம் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாட்சின் விநாடி முள் 12-ஐத் தொடும்போது போன் என்ன காட்டுகிறது என்று நோட்டில் குறிப்பேன். வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. மூன்று வாரக் கணக்கைப் பார்த்தால் தினமும் 10 செகண்ட் முன்னால் ஓடுகிறது. ஒரு நாள் 9, ஒரு நாள் 11, அதைத் தாண்டவில்லை.

அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் 3 செகண்ட்தான் கூடியிருந்தது. தப்பாகக் குறித்துவிட்டேனோ என்று இரண்டு முறை பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. முந்தின இரவு என்ன செய்தோம் என்று யோசித்ததில், படுக்கையில் படித்துக்கொண்டிருந்த தடித்த புத்தகத்தின் மேல் வாட்சைச் சாய்த்து, சாவி (பக்கத்தில் இருக்கும் திருகு) மேலே பார்க்கிற மாதிரி வைத்துவிட்டுத் தூங்கியது ஞாபகம் வந்தது. வழக்கமாக டயல் கூரையைப் பார்க்கிற மாதிரி மல்லாக்க வைப்பேன். அன்றிலிருந்து தூங்கப் போகும்போதும் ஒரு முறை குறிக்க ஆரம்பித்தேன் (ஆமாம், நோய் முற்றிவிட்டது). பகலில் கையில் இருக்கும் 15 மணி நேரத்தில் 6 செகண்ட் கூடுகிறது. இரவில் மல்லாக்க வைத்தால் இன்னும் 4 கூடுகிறது. சாவி மேலே இருக்கும்படி வைத்தாலோ 3 குறைகிறது. ஆக, வாட்சைத் திறக்காமல், ஒருவரிடமும் கொடுக்காமல், 10-ஐ 3 ஆக்கிவிட்டேன்.

காரணம் உராய்வுதான். மல்லாக்க இருக்கும்போது பேலன்ஸ் வீலின் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் குட்டிச் சக்கரம்) அச்சு அதன் நுனியில் மட்டும் நின்று சுற்றுகிறது, அதனால் ஆட்டம் அகலமாக இருக்கும். நிமிர்த்தி வைத்தால் அச்சின் பக்கவாட்டு அதைத் தாங்கும் கல்லின் துளையில் உரசுவதால் ஆட்டம் சுருங்கும். ஆட்டத்தின் அகலம் மாறினால் வாட்சின் வேகமும் கொஞ்சம் மாறும். எந்தப் பக்கம் வைத்தால் கூடும், எதில் குறையும் என்பது வாட்சுக்கு வாட்ச் மாறும், அதனால் என் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம், உங்கள் வாட்சை நீங்களே நாலு ராத்திரி வைத்துப் பாருங்கள்.

---

நண்பரே, 10 செகண்டுக்கே நோட்டுப் போட்டீர்களா! என்னுடையது ஒரே நாளில் 6 நிமிடம் முன்னால் ஓடியது. இரண்டு வருடமாகத் தினம் 5, 6 செகண்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த வாட்ச் அது. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. முதலில் காட்டிய கடையில் முழுசாகப் பிரித்து ஆயில் சர்வீஸ் செய்தாக வேண்டும் என்றார்கள். பணம் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன், நல்ல வேளை, பழைய வாட்ச்களோடே வாழ்க்கையை ஓட்டும் என் மாமா, "மாப்ளே, ஒரு திசைகாட்டி எடுத்துட்டு வா" என்றார். காந்த முள்ளுக்குப் பக்கத்தில் வாட்சைக் கொண்டுபோனதும் முள் அதை நோக்கித் திரும்பியது, வாட்சை நகர்த்தினால் கூடவே நகர்ந்தது. காந்தம் ஏறியிருக்கிறது.

பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய ஸ்பிரிங்கான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடுவதால் பேலன்ஸ் வீல் படபடவென்று ஆடும், வாட்ச் தறிகெட்டு முன்னால் ஓடும். மாமாவிடம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலப் பெட்டி இருந்தது. அதன் மேல் வாட்சை வைத்து, பட்டனை அழுத்திக்கொண்டே மெதுவாகத் தூக்கி ஒரு முழம் தள்ளிக்கொண்டுபோய் விட்டார், அவ்வளவுதான். மறுநாள் பழையபடி 5 செகண்ட்.

எங்கிருந்து ஏறியது என்று தேடினால், டேப்லெட் உறை! அதை மூடிவைக்கிற காந்தத்தின் மேல்தான் நான் தினமும் ராத்திரி வாட்சைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

---

மாதத்துக்கு 15 செகண்ட் தப்புகிற பேட்டரியில் ஓடும் சாதா குவார்ட்ஸ் வாட்ச் கட்டினால் இந்த வம்பே இல்லையே? (அடிக்க வராதீர்கள், என்னிடமும் இரண்டு சாவி வாட்ச் இருக்கிறது.)

---

என்னுடையது குரோனோமீட்டர் சான்றிதழ், அதாவது துல்லியமாக ஓடுகிறது என்று சோதித்துக் கொடுக்கும் சான்றிதழ் வாங்கின வாட்ச். அதைக் கொடுக்கும் ஸ்விஸ் அமைப்பான சி.ஓ.எஸ்.சி.யின் சோதனை 15 நாள் நடக்கும், 5 நிலைகளில், 8, 23, 38 டிகிரி என்று மூன்று வெப்பநிலைகளில் ஓடவிட்டு, சராசரியாக நாளைக்கு 4 செகண்ட் பின்னாலிருந்து 6 செகண்ட் முன்னால் வரைக்குள் இருந்தால் பாஸ். எனக்கு வெகுநாள் புரியாத விஷயம், பொதுவாக அந்தச் சோதனை வெறும் இயந்திரத்துக்குத்தான், கேஸுக்குள் போட்ட முழு வாட்சுக்கு இல்லை. என் கைக்கு நிச்சயமாக இல்லை. என் கையில் அது தினமும் 5 செகண்ட் பின்தங்குகிறது. கேஸில் போட்ட பிறகும் சோதிக்கிறவர்கள் உண்டு, ரோலக்ஸ் 2 செகண்ட் முன்னே பின்னே என்கிறது, ஒமேகாவின் மாஸ்டர் குரோனோமீட்டருக்கு 0 முதல் 5 செகண்ட் வரை முன்னால் மட்டும்தான் அனுமதி.

அந்த "முன்னால் மட்டும்" எனக்கு ரொம்பப் பிடித்தது. முன்னால் ஓடுகிற வாட்சின் சாவியை வெளியே இழுத்து முள்ளை நிறுத்தி, நிஜ நேரம் வந்து சேரும்வரை அரை நிமிடம் காத்திருந்தால் சரியாகிவிடும். பின்தங்குகிற வாட்சில் முள்ளை அடுத்த நிமிடத்துக்குத் தள்ளி வைத்துக் காத்திருக்க வேண்டும். நாளைக்கு 5 செகண்ட் முன்னால் ஓடியிருந்தால் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன், பின்தங்குவதால்தான் இரண்டு முறை சர்வீசுக்குக் கொண்டுபோனேன். இரண்டு முறையும் அவர்கள் சோதிக்கும் மெஷினில் சரியாகத்தான் காட்டியது.

---

அப்பாவின் சாவி வாட்ச் என்னிடம் இருக்கிறது. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது செகண்டுக்கு 5. தினமும் காலை ஒரே நேரத்தில் சாவி கொடுத்தால் நாளைக்கு 20 செகண்டுக்குமேல் தப்பாது. சாவி கொடுக்க மறந்து மறுநாள் மத்தியானம் பார்த்தால் கணக்கெல்லாம் போச்சு. வாட்சை ஓட்டும் மெயின்ஸ்பிரிங் தளரத் தளர ஆட்டம் சுருங்கிக்கொண்டே போகும். சாவியை இழுத்தாலும் விநாடி முள் நிற்காத மாடல், அதனால் செகண்டைச் சரிசெய்யும் ஆசையையே விட்டுவிட்டேன். நிம்மதியாக இருக்கிறது.

---

முதல் பதிவு எழுதினவன்தான். காந்தக் கதையைப் படித்ததும் பதறிப்போய் பையனின் திசைகாட்டியை எடுத்துச் சோதித்தேன், முள் அசையவில்லை. சான்றிதழ் நண்பர், மெஷினில் சரி, கையில் 5 பின்னால் என்றால் நீங்கள் ராத்திரி அதை எப்படி வைக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். மல்லாக்க வைத்தால் உங்களுடையதும் கூடலாம், ஒரு வாரம் பாருங்களேன்.

இன்று காலை எனக்கு 2 செகண்ட். ஆனால் அந்தத் தடித்த புத்தகத்தைப் படித்து முடித்தாயிற்று, நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.