ஓஎஸ்டி மையத்துக்குத் தினமும் போய் வந்தவர்கள், கூடப் போனவர்கள்: உங்கள் அனுபவம்?

வடசென்னை_அக்கா:
தெரியாதவர்களுக்கு: ஓஎஸ்டி என்றால் ஹெராயின், வலி மாத்திரை மாதிரியான போதைக்கு அடிமையானவர்களுக்கு டாக்டர் மேற்பார்வையில் மாற்று மருந்து கொடுக்கும் சிகிச்சை. என் தம்பி, 23 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தவன். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஒரு சின்ன அறை, காலை ஒன்பது மணிக்கு வரிசை. நர்ஸ் பியூப்ரெனார்பின் என்ற அந்த மாற்று மாத்திரையை நுணுக்கி நாக்குக்கு அடியில் போடுவார். விழுங்கிவிட்டால் பிரயோஜனம் இல்லை. கரையும்வரை பேசக் கூடாது. பத்து நிமிஷம் பெஞ்சில் உட்கார வைத்து, அப்புறம் "நாக்கைத் தூக்கு" என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய் வெளியே விற்கிறவர்களும் உண்டே.

மூன்றாவது வாரம் ஒரு நாள், அந்தப் பெஞ்சில் வைத்துத்தான் கேட்டேன். "அம்மா சங்கிலியை நீதானே எடுத்தே?" இரண்டு மாதமாக வீட்டில் எல்லோரும் கேட்டு, இல்லவே இல்லை என்று சாதித்தவன். இப்போது வாயைத் திறக்க முடியாது. சுவர்க் கடிகாரத்தையே பார்த்தான். நான் விடவில்லை. பர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து என் மடியில் வைத்தான். அடகுச் சீட்டு. அதற்குள் நர்ஸ் டார்ச்சோடு வந்துவிட்டார்.

வாயில் மருந்து இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கும் பொய்தான் சொல்லியிருப்பானோ என்று இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பழைய_கணக்கு:
அக்கா, இதைக் கேளுங்கள். 1990-களில் எங்கள் ஏரியாவில் நாங்கள் நரம்பில் ஏற்றிக்கொண்டதே இந்த பியூப்ரெனார்பின்தான். அப்போது ஆம்பூல், இப்போது மாத்திரை. அப்புறம் ஹெராயின் பவுடருக்கு மாறி, பல வருஷம் கழித்து மையத்துக்குப் போனால் அதே பெயரைச் சொல்கிறார்கள். சிரிப்பு வந்துவிட்டது.

முதல் நாள் டாக்டர் கேட்டார், "கடைசியா எப்போ எடுத்தே?" நேற்று ராத்திரி என்றேன். உண்மையில் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். மாத்திரை கரைந்து அரை மணிகூட ஆகவில்லை, வாந்தி, கொட்டாவி, உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்து, பெஞ்சுக்கு அடியில் சுருண்டுவிட்டேன். உள்ளே இருக்கிற பவுடரை இந்த மருந்து ஒரேயடியாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளுமாம். அதனால்தான் கை கால் முறுக்க ஆரம்பித்த பிறகு வா என்கிறார்கள். டாக்டர் திட்டவில்லை. பக்கத்தில் ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு, "நாளைக்கும் வரணும்" என்றார். அந்தப் பக்கெட் சிவப்பு நிறம், கைப்பிடி உடைந்தது. ஏன் ஞாபகம் இருக்கிறதென்று தெரியவில்லை.

பெற்ற_வயிறு:
மன்னிக்கவும், ஒரு போதைக்கு இன்னொரு போதையைக் கொடுத்துவிட்டு இதற்குச் சிகிச்சை என்று பெயரா? வாசல்வரை போய் மாத்திரை வாங்கிக்கொண்டு அதே தெருவுக்கு, அதே கூட்டாளிகளிடம்தானே திரும்பி வருகிறான்? என் மகனை ஆறு மாதம் தங்கும் இல்லத்தில் வைத்தோம். இன்றைக்கு வேலைக்குப் போகிறான். திரும்பி வந்த முதல் ராத்திரி விளக்கை அணைக்கவே விடவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆனால் பலித்தது.

பழைய_கணக்கு:
சகோதரி, விளக்கை அணைக்க விடாத பையனைப் பற்றிச் சொல்லிவிட்டு 'பலித்தது' என்கிறீர்கள். சரி, உங்கள் இஷ்டம். என் சித்தப்பா மகனும் 90 நாள் இல்லத்தில் இருந்துவிட்டு வந்தான். வந்த மூன்றாம் நாள் பழைய அளவையே போட்டான். 90 நாளில் உடம்பு அந்தப் பழக்கத்தை மறந்துவிட்டிருந்தது. பாத்ரூம் கதவை உடைத்தது நான்தான்.

முன்னாள்_வார்டு_நர்ஸ்:
சண்டை வேண்டாம். எனக்குப் பெரிய அனுபவக் கதை இல்லை. ஒரு பையன் ஒரு வருஷம் தவறாமல் வந்தான், ஒரு நாள் வரவில்லை, அவன் டம்ளரை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அவ்வளவுதான். ஆனால் இங்கே பெற்றோர் படிப்பதால் கேட்காமலே சில விஷயம் சொல்கிறேன். இந்த மருந்தில் ஒரு அளவுக்கு மேல் போதை ஏறாது, அதுதான் இதன் சூட்சுமம். முறுக்கும் ஏக்கமும் அடங்கி மனுஷன் வேலைக்குப் போகலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரைப் போதைக்காரர் என்போமா? மூன்று மாதத்தில் நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் மல்லுக்கட்டாதீர்கள், பல பேருக்கு வருஷக்கணக்கில் தேவைப்படும். வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதற்கு நலாக்ஸோன் என்ற போதை முறிப்பு மருந்து சேர்ந்த மாத்திரை உண்டு, கரைத்து ஊசியில் ஏற்றினால் கை கால் முறுக்க ஆரம்பித்துவிடும் என்பதற்காகவே அந்தச் சேர்மானம். போதை ஏறவிடாமல் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் 50 மில்லிகிராம் என்று வேறு ஒன்று இருக்கிறது, ஆனால் ஏழு முதல் பத்து நாளாவது சுத்தமாக இருந்தால்தான் அதை ஆரம்பிக்கலாம். யாரோ சொன்னார்கள் என்று கடையில் வாங்கி ரசத்தில் கலந்து கொடுத்துவிடாதீர்கள், குடிகாரர்களுக்குக் குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையை அப்படிக் கலந்து ஐசியூவரை கொண்டுவந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை கரைந்த பிறகு தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், பல் துலக்க ஒரு மணி நேரம் போகட்டும், இல்லையென்றால் பல் போகும். மலச்சிக்கலுக்குக் கீரை, பழம். போலீஸ் பயத்தில் வராதவர்களுக்கு: தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்குப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே (என்டிபிஎஸ்) 64ஏ பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446-க்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது.

லேத்துப்பட்டறை:
நர்ஸம்மா சொன்னது எல்லாம் சரி, ஷிஃப்ட் எட்டு மணிக்கு, மையம் ஒன்பது மணிக்கு. அதற்கு என்ன மருந்து? முதலாளியிடம் 'அப்பாவுக்கு டயாலிசிஸ்' என்று சொல்லித்தான் தினமும் லேட்டாகப் போனேன். அப்பா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் முதலாளியே ஆப்பிள் வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வருகிறேன் என்று நின்றார்.

2020 ஊரடங்கில்தான் பல நாளுக்குரிய மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுத்தார்கள். குழந்தை இருக்கிற வீடு. மனைவி அதை அஞ்சறைப்பெட்டியில் பூட்டி பீரோவில் வைத்தாள். தினம் காலையில் கடுகுக்கும் சீரகத்துக்கும் நடுவிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். சீரக வாசம் அடித்தால் இப்போதும் நாக்குக்கு அடியில் கசக்கிறது.

பெற்ற_வயிறு:
பாத்ரூம் விஷயம் தெரியாமல் பேசிவிட்டேன் தம்பி. என் மகன் இப்போதும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறான். வடசென்னை அக்கா, சங்கிலியை மீட்டீர்களா?

வடசென்னை_அக்கா:
இல்லை. சீட்டைக் கொண்டுபோனபோது கெடு தாண்டி நாலு நாள், ஏலத்துக்குப் போய்விட்டது. அம்மாவிடம் பேங்க் லாக்கரில் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வர்ற தையில் தங்கைக்குக் கல்யாணம், அதற்கு எடுத்து வை என்கிறார்.